கப்பி ரோட்டில் ஒரு டப்பா புளியோதரை

கண்ணா,

திங்கட்கிழமை காலை நீ சிட்னிக்குக் கிளம்புகிறாய். வேலை கிடைத்து ஊர் மாறுகிற பிள்ளைகள் விமானத்தில் போவார்கள், சாமான் நிறைய இருந்தால் காரில் போவார்கள். நீ சைக்கிளில் போகிறாய். அதுவும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, மலைக்குள் ஓடும் சரளைக்கல் பாதைகளாகப் பார்த்துக் கோத்து, இரண்டு வாரம், தனியாக. போன வாரம் சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு ரெக்வெஸ்ட்மா. கார எடுத்துட்டுப் பின்னாடி வராத," என்றாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே "சரி" என்றேன். அப்பா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. என் "சரி"க்கு என்ன மதிப்பு என்று உனக்கு அனுபவம் இருக்கிறது. இந்தத் தடவை அதை எப்படிச் சொன்னேன் என்று விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேரில் சொல்ல எனக்கு வராது. நீ அறைக்குள் வந்தால், கூச்சத்தில், படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக்கூட மூடி வைக்கிறவள் நான். இதைத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் போடலாமா என்று கேட்டதற்கு, "பேர் போடாத, ஓகே," என்றாய். போடவில்லை. என் பெயரும் இருக்காது. நாம் இருக்கும் கிரெய்கிபர்னில் உன்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது யாரென்று தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்தொரு வயது. உனக்கு மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தோம். பள்ளிக்கூட வாசலில் நான் நிற்கும்போது மற்ற அம்மாக்கள் என்னை உன் அக்கா என்று நினைத்துப் பேசுவார்கள். நீ வளர்ந்த அதே வருடங்களில்தான் நானும் வளர்ந்தேன். கார் ஓட்டக் கற்றது உன்னை நீச்சலுக்குக் கூட்டிப்போக. ஆங்கிலம் தைரியமாகப் பேச ஆரம்பித்தது உன் டீச்சரிடம் சண்டை போட. நான் படித்த நாவல்களில் பாதி, உன் வகுப்பு முடியட்டும் என்று காருக்குள் காத்திருந்தபோது படித்தவை. காத்திருப்பதும் கொண்டுபோய் விடுவதும் கையில் எதையாவது திணிப்பதும்தான் தாய்மை என்று என் உடம்பு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு முன்னால் ஒரு நாள் உன் சைக்கிள் வந்து நின்றது.

யூனிவர்சிட்டி இரண்டாம் வருடத்தில், நீ சம்பாதித்த பணத்தில், யாரோ ஓட்டிய சைக்கிளை வாங்கி வந்தாய். கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்திருந்தது. டயர் தடித்து, முள் வைத்தது போல இருந்தது. அப்பா கராஜில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதில் எங்கே போவாய் என்று கேட்டார். "கிராவல்ப்பா. தார் போடாத ரோடு," என்றாய்.

"கப்பி ரோடா?"

"அப்படின்னா?"

"கல்லும் மண்ணும் கொட்டி வச்சிருப்பான். எங்க ஊர்ல அதுலதான் ஸ்கூலுக்குப் போவேன். அதுல மிதிக்க முடியாமத்தான்டா ஒழுங்காப் படிச்சேன். நீ காசு குடுத்து அதே ரோட்டுக்குப் போறியா?"

"போற வழியில என்னப்பா பாப்பீங்க?"

"என்னத்தப் பாக்க? பஞ்சர் ஆகாமப் பாப்பேன்."

கொஞ்ச நாளில் நீ உன் காரையும் விற்றாய். கோயிலில் ஒரு அங்கிள் என்னிடம் தனியாக வந்து, "பையன் கார வித்துட்டானாமே, ஏதும் பிரச்சினையா?" என்று ரகசியக் குரலில் விசாரித்தார். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கார் என்று ஏறி வந்த கூட்டம் நாம். ஒருவன் தானாக இறங்குவதைப் பார்த்தால் பதறத்தான் செய்வோம். நானும் பதறினேன். ஆனால் நீ அனுப்பும் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். மவுன்ட் மாசிடன் காட்டுக்குள் பனி மூடிய மண் பாதை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, கோடு போட்ட நோட்டு மாதிரியான கொடி வரிசைகளுக்குப் பக்கத்தில், உன் சக்கரம் கிளப்பிய புழுதி. ஒரு வேலி ஓரமாக உன்னையே முறைத்துக்கொண்டு நிற்கும் கங்காரு. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் பார்த்ததெல்லாம் தார் ரோட்டிலிருந்து தெரிகிறவைதான் என்று அப்போது உறைத்தது.

பிறகு அந்த ஒரு நாள் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னாய். மாசிடன் மலையடிவாரத்தில் விடியும்போது கிளம்பி, காடு, மேய்ச்சல் நிலம், திராட்சைத் தோட்டங்கள் என்று நூற்றைம்பது கிலோமீட்டர் போய், டெய்ல்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு லாவெண்டர் பண்ணையில் முடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். பரிசு என்ன என்று கேட்டேன். ஒரு கட்டு லாவெண்டர் பூ என்றாய். இதற்கா என்று நான் கேட்பதற்குள் விதியைச் சொன்னாய்: "கைல இருக்கறத சாப்பிடலாம். வழியில கடை இருந்தா வாங்கலாம். குழாயில தண்ணி புடிக்கலாம். எல்லாருக்கும் கிடைக்கறது எதுவா இருந்தாலும் ஓகே. உனக்குன்னு ஒருத்தர் கொண்டு வந்து குடுத்தா நாட் ஓகே."

"அம்மா குடுத்தாக்கூடவா?"

"அம்மா குடுத்தாத்தான் முக்கியமா நாட் ஓகே. எனக்கு இருபத்திரெண்டு வயசு. இதுவரைக்கும் நான் தனியா முடிச்ச காரியம்னு ஒண்ணு சொல்லு பாப்போம்."

நான் யோசித்து, "டிரைவிங் டெஸ்ட்" என்றேன்.

"அப்பா பார்க்கிங்ல நின்னு லெஃப்ட், ரைட்னு கை காட்டிட்டு இருந்தாரு. அதப் பாத்துக் குழம்பித்தான் ஃபெயில் ஆக இருந்தேன்."

அப்பா எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். நான் சிரித்தேன். நீ கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உனக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதுகூட அதுவரை நான்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கென்று யாரும் எதையும் நீட்டாமல் காலையிலிருந்து மாலை வரை போய்ச் சேர முடியுமா என்று பார்க்க நீ ஆசைப்பட்டாய். எனக்குக் காதில் விழுந்ததோ, பிள்ளை நாள் முழுக்கப் பட்டினி கிடக்கப் போகிறான் என்பது மட்டும்தான்.

அதனால் நடந்தது நடந்தது. ஓட்டத்தன்று அப்பாவிடம் பக்கத்திலிருக்கும் சன்பரி வரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்து, நீர்மோரை ஐஸோடு ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ போகும் இடத்தைக் காட்டும் புள்ளி என் போனில் நகர்ந்துகொண்டிருந்தது. மண் பாதை தார் ரோட்டைக் கடக்கும் ஒரு திராட்சைத் தோட்டத்து முனையில் காரை நிறுத்தி நின்றேன். அன்று வெயில் கொளுத்தியது. நீ வந்தபோது உதடு வெளுத்து உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தாய். "நீ ஏன்மா இங்க வந்த?" என்று கேட்டாய். கோபமாகக்கூட இல்லை, களைத்துப் போன குரல். நான் டப்பாவைத் திறந்தேன். வாசனை வந்தது. நீ சாப்பிட்டாய். மோரை முழுக்கக் குடித்தாய். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாய். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டது போல் நான் காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு லாவெண்டர் பண்ணைக்கு வந்தேன்.

ஆறு மணிக்கு நிறைய நேரம் முன்னாலேயே நீ முடித்தாய். பூக்கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒன்றை எடுத்து நீட்டினார். நீ வாங்கவில்லை. வழியில் அம்மா சோறு கொடுத்தார், சாப்பிட்டேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா கொடுத்த சோறெல்லாம் கணக்கில் வராது, பிடி என்றார். நீ மறுபடியும் தலையாட்டினாய். அவர் சிரிப்பதை நிறுத்தி உன்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பெயரின் மேல் கோடு போட்டார். வீட்டில் அப்பா விடவில்லை. "அந்தம்மாவே பரவால்லன்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் உனக்கென்ன?" என்றார். "அவங்க ஓகேன்னாங்கப்பா. நான் சொல்லல," என்றாய். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம். பெருமை வர இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

கோபத்துக்குக் காரணம் உண்டு. யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹார்லிக்ஸ், வீட்டுக்குப் போனால் பழம். நான் பொதுத் தேர்வு எழுதிய நாட்களில் பரீட்சை ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெற்றோர் கூட்டமே ஃபிளாஸ்கோடு நிற்கும். என் அப்பாவும் நிற்பார். அதையே நானும் செய்தேன், அதில் என்ன குற்றம் என்று பல நாள் மனதுக்குள் உன்னோடு வாதாடினேன். ஒரு மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. என் அப்பா ஹாலுக்கு வெளியே நின்றார். மணி அடித்த பிறகுதான் ஃபிளாஸ்கைத் திறந்தார். நடுவில் உள்ளே வந்து என் மேசை மேல் டம்ளரை வைக்கவில்லை. அந்தத் திராட்சைத் தோட்டத்து முனை உனக்குப் பரீட்சை ஹாலின் நடு. நான் உள்ளே வந்துவிட்டேன். மணி அடிக்கும் முன்னாலேயே வந்துவிட்டேன்.

மறு வருடம் நீ மறுபடியும் பெயர் கொடுத்தாய். முடியும் இடத்துக்கு வரலாமா என்று கேட்டேன். "வா. ஒண்ணும் எடுத்துட்டு வராத," என்றாய். தண்ணீர் கூடவா என்றேன். தண்ணீர் கூட என்றாய். இனி நான் சொல்லப் போவது உனக்கு இதுவரை தெரியாது.

அன்று பக்கத்து வீட்டு ராஜி அக்காவும் கூட வந்தார் என்பது உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், பசித்த ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவர் அகராதியில் இல்லை. காரில் ஏறும்போதே மடியில் ஒரு பெரிய டப்பா. நான் விதியைச் சொன்னேன்.

"ஓம், ஓம், எனக்கு விளங்குது. இது மரக்கறி ரோல்ஸ். உமக்குத்தான் கொண்டு வந்தனான், பொடியனுக்கு இல்லை," என்றார். எனக்கு எதற்கு இருபது ரோல்ஸ் என்று கேட்டேன். "நீர் கவலைப்பட்டா நல்லாச் சாப்பிடுவீர்," என்றார்.

பண்ணைக்குப் போகும் தார் ரோடு அதே திராட்சைத் தோட்டத்து முனை வழியாகத்தான் போகிறது. பைன் மரங்கள் வரிசையாக நிற்கும் திருப்பத்தில் வந்தபோது உன்னைப் பார்த்தேன். வேலி ஓரத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, முன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மர மறைவில் கார் நின்றது. கண்ணாடியை இறக்கினேன்.

"இறங்குமப்பா, பிள்ளை அங்க தனிய நிக்கிறான்," என்றார் ராஜி அக்கா.

"வேணாம் அக்கா."

"ஒரு கை பிடிச்சு விட்டா என்ன குறைஞ்சு போகும்?"

"அவன் பேர் போயிடும்."

"அவன் உம்மட பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ?"

நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் கதவைத் திறந்திருப்பேன். அந்த டயருக்குள் டியூப் கிடையாது, வெள்ளைப் பால் மாதிரி ஒன்று ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று நீ ஒரு முறை எனக்குக் காட்டியிருக்கிறாய். அன்று கிழிசல் பெரிது போல. பால் முழுக்கக் கொட்டி, உன் காலடி மண்ணே வெளுத்திருந்தது. ஒரு மிட்டாய்க் காகிதத்தை மடித்துக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்தாய். கைவசம் இருந்த டியூபை உள்ளே செருகினாய். பிறகு டயரின் விளிம்பைக் கட்டை விரல்களால் தள்ளித் தள்ளிச் சக்கரத்துக்குள் ஏற்றினாய். கடைசி நாலு விரல் அகலம் ஏறவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் வெளியே வந்தது. உன்னைத் தாண்டி மூன்று பேர் சைக்கிளில் போனார்கள். ஒருவன் நின்று உதவட்டுமா என்று கேட்டான்; நீ கையசைத்து அனுப்பினாய். மறுபடியும் தள்ளினாய். அப்போது காற்றில் உன் குரல் தெளிவாக வந்தது.

"உள்ள போ சனியனே. உள்ள போ. எனக்கு நேரமாகுது."

வீட்டில் என்னிடம் பாதி ஆங்கிலத்தில் பேசுகிற நீ, யாருமில்லாத ரோட்டில், தமிழில், குக்கர் மூடியில் காஸ்கெட் உட்காராத ஒவ்வொரு காலையும் நான் அதைத் திட்டும் அதே வார்த்தைகளால், அதே ராகத்தில் டயரைத் திட்டினாய். ராஜி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஓம், உம்மட பிள்ளைதான்," என்றார். அடுத்த தள்ளலில் டயர் உட்கார்ந்தது. நீ கைப் பம்பை எடுத்தாய். நான் காரை ஓசைப்படாமல் எடுத்தேன். நீ தலை நிமிரவில்லை.

லாவெண்டர் பண்ணையில் மலைச்சரிவு முழுக்க ஊதா வரிசைகள். தேனீக்களின் இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பையும் இல்லை, டப்பாவும் இல்லை. ராஜி அக்கா சொன்னது சரிதான், நாலு ரோல்ஸ் சாப்பிட்டேன். ஐந்தரை தாண்டியது. வாசலில் நின்றவர் சங்கிலியை எடுத்து வந்து தயாராக நின்றார். அப்புறம் மேட்டில் ஒரு புழுதிப் படலம் எழுந்தது. இமை வரை மண்ணோடு, பல் மட்டும் வெள்ளையாக நீ வந்தாய். என் இரண்டு கையும் காலியாக இருந்ததால் கை தட்டினேன். யாருக்கும் அப்படித் தட்டியதில்லை. உள்ளங்கை அடுத்த நாளும் எரிந்தது.

அதே வெள்ளைக்கார அம்மா உன்னை அடையாளம் கண்டு, இந்த வருடம் சோறு உண்டா என்று கேட்டார். "நோ ரைஸ். ஷீ இஸ் லேர்னிங்," என்று என்னைக் காட்டினாய். பூக்கட்டை வாங்கினாய். பிறகு என்னிடம் வந்து முதல் வார்த்தையாக, "அம்மா, பயங்கரமாப் பசிக்குது," என்றாய். ராஜி அக்கா டப்பாவைத் திறந்தார். மணி அடித்துவிட்டது அல்லவா.

பஞ்சரைப் பற்றி நீ காரில் நிறையச் சொன்னாய். நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன். ராஜி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் பள்ளி மார்க்குக்கும் பட்டத்துக்கும் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அவற்றில் என் பங்கைத் தனியாக எடுத்துக் காட்ட என்னால் முடியும். எத்தனை டியூஷன், எத்தனை தடவை கார். வேலி ஓரத்தில் உட்கார்ந்து நீ அந்த டயரை ஏற்றியதில் நான் தொட்டது எதுவும் இல்லை. அந்தத் திட்டு மட்டும் என்னுடையது. அது வெளியிலிருந்து வந்த உதவியில் சேருமா என்று யாரும் கேட்கவில்லை.

சிட்னி போகிற வழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது பந்தயம் இல்லை. மேசை போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உன்னால் தனியாக முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் தெரியும். அதை மறுபடி மறுபடி நிரூபித்துக்கொண்டிருக்காதே. மலைக்கு நடுவில் ஏதாவது பண்ணை வீட்டில் வாசலுக்கு வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல். உட்காரச் சொன்னால் உட்கார். ஒருவன் பம்பை நீட்டினால் வாங்கிக்கொண்டு நன்றி சொல். கொடுக்க வந்தவளைத் திருப்பி அனுப்பினால் அவளுக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தேவையில்லாமல் யாருக்கும் கொடுக்காதே. தாகம் எடுக்கும் முன் குடி. வேலையிலும் அப்படித்தான், ஒரு கல்யாணத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். உதடு வெளுக்கும் வரை காத்திருந்தால் பிறகு அம்மா கையில் டப்பாவோடு வந்து நிற்பதைத் தவிர வழியில்லை.

போனில் உன் புள்ளியைப் பார்ப்பேன். அதைத் தடுக்க உன்னால் முடியாது. பின்னால் வர மாட்டேன். ஆனால் முன்னால் போவதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் பாதை சிட்னிக்குள் இறங்கும் முன், பெருமாள் கோயில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க் வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் பார்த்தேன். செவன் ஹில்ஸில் நீ எடுத்திருக்கும் அறைக்கு அங்கிருந்து இன்னும் ஒரு நாள் என்றாய். நீ அங்கே வருகிற நாளில் அப்பாவும் நானும் விமானத்தில் வந்து, அந்தப் பெருமாள் கோயில் வாசலில் நிற்போம். பை இருக்காது. அப்பாவை நானே சோதித்துக் கூட்டி வருகிறேன். கை தட்டுவோம், அவ்வளவுதான்.

அங்கே பிரசாதம் புளியோதரை. எல்லாருக்கும் கிடைப்பது, உன் விதிப்படி ஓகே. உனக்கென்று ஒன்று வாங்கி வைத்திருக்க மாட்டேன். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து, எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, நீயே கை நீட்டி வாங்கிக்கொள்.

அம்மா